புழு உள்ள ஆடு குறையுள்ள ஆடா?

பெருநாளில் குர்பானாக (பலியாக) அறுக்கும் ஆட்டில் இருக்கக் கூடாத குறைகள் நான்கு என்பது பராஃ இப்னு ஆஸிப் அறிவிக்கும் நபிமொழி: ஒற்றைக்கண், நோய், நொண்டல், மஜ்ஜை வற்றிய மெலிவு. முதல் மூன்றும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு பார்க்கையில் பல்லையும் காலையும் கண்ணையும் சோதிப்பது இதனால்தான். வயிற்றுக்குள் இருப்பதோ கண்ணுக்குப் படுவதில்லை.

மழையும் வெக்கையும் ஓயாத கிள்ளான் பள்ளத்தாக்கில் மேய்ந்து வளர்ந்த செம்மறிக்குக் குடற்புழு இல்லாதிருப்பது அரிது. அவற்றுள் கொடியது ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஆய்வுக்கூடத்தில் 2 கிராம் புழுக்கையை 28 மில்லி உப்புக் கரைசலில் கரைத்து, மிதக்கும் முட்டைகளை மெக்மாஸ்டர் கண்ணாடியின் இரு அறைகளிலும் எண்ணி 50ஆல் பெருக்குவார்கள். கிராமுக்கு இத்தனை முட்டை என்று கணக்கு வரும். ஆனால் முட்டையிடும் பருவம் வராத இளம்புழுவும் இரத்தம் குடிக்கும். எண்ணிக்கை குறைவாக வந்த ஆடும் சோகை பிடித்து நிற்கலாம்.

அந்தச் சோகையைக் கண்டறிய, தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டைக்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். கட்டைவிரலால் கீழிமையை இழுத்து, உள்சதையின் நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டால் போதும். நல்ல சிவப்பு ஒன்று, வெளுப்பு ஐந்து. நான்கிலும் ஐந்திலும் நிற்கும் ஆட்டுக்கே மருந்து. எல்லா ஆட்டுக்கும் ஒருசேர ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழுவே மிஞ்சிப் பெருகும். மந்தையின் புழுவில் பெரும்பகுதியைச் சுமப்பதும் சில ஆடுகள்தாம்.

சிறு நோய் குர்பானைக் கெடுக்காது என்பதே ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களின் பொதுநிலை. புழுவை அடியோடு அழிக்கச் சொல்லாத கால்நடை மருத்துவமும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. இமை சிவந்த ஆட்டில் நாலு புழு இருப்பது குறையாகாது. இமை வெளுத்து, தாடையடியில் நீர் கோத்து, முதுகெலும்பு கையில் தட்டும் ஆட்டின் நோய் மறைவானது என்று சொல்ல இடமில்லை. இமையை இழுத்துப் பார்க்காமல் வாங்கியவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

மருந்து ஊற்றிய ஆட்டை உடனே அறுக்கலாகாது. மருந்துக்கு மருந்து அந்தக் காத்திருப்பு சில நாளாகவோ சில வாரமாகவோ இருக்கும். ஆகவே இமையைப் பார்க்க வேண்டிய நேரம் பெருநாளின் முந்தைய மாலை அல்ல; ஒரு மாதம் முன்பு.