சிந்தனைத் துளி: மாநாடும் மர யானையும்

நவம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழன், வெள்ளி. நியூ ஜெர்சியின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். 1853இல் தோன்றிய மாநில ஆசிரியர் சங்கம் அட்லாண்டிக் சிட்டியில் மாநாடு கூட்டும் நாட்கள் அவை. அங்கே போகும் ஆசிரியருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பிள்ளைகளுக்கும் லீவு என்பதால் எடிசன் நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல டிஸ்னிக்குக் கிளம்பிவிடும். அதற்கு 'ஜெர்சி வாரம்' என்றே பெயர்.

ஆசிரியை வீட்டில்தான் தர்மசங்கடம். மாநாட்டுக்குப் போனால் பிள்ளை ஏங்கும். போகாவிட்டால் மனசாட்சி குத்தும். நான் இரண்டு வருடம் தனியாகப் போய் வந்தேன், மூன்றாம் வருடம் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டேன். பகலில் பின்னக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தரும் வகுப்பில் நான்; 1870இல் முதன்முதலாகப் பலகை பாவிய கடலோர நடைபாதையில் கணவரும் மகளும். மாநாடு முடிந்ததும் பக்கத்து ஊர் மார்கேட்டில், 1881இல் மரத்தால் கட்டிய யானை லூசியின் காலுக்குள் மூவருமாகப் படியேறினோம். ஆறு மாடி உயரம்!

இரவு என் நோட்டைப் புரட்டிய மகள், "நீயும் கிளாஸ்ல உட்காந்து எழுதினியாம்மா?" என்று கேட்டாள். அம்மா படிப்பதை அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஆசிரியத் தோழிகளே, குற்ற உணர்ச்சி வேண்டாம். அடுத்த நவம்பரில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.