அன்னப்பட்சி யாருடையது?

டெக்ஸ்டைல் டிசைன் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு செமஸ்டரில் நெசவு ஊர் ஒன்றுக்குப் போய்த் தங்குவார்கள். என்ஐடி, நிஃப்ட் மாதிரியான இடங்களில் அது படிப்பின் ஒரு பகுதி. தறியைப் படமெடுக்க வேண்டும், பாவில் எத்தனை இழை என்று கேட்டு எழுத வேண்டும், புட்டாக்களை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். நல்ல பயிற்சிதான். அதற்குப் பிறகு நடப்பதில்தான் கேள்வி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு மாணவி வரைந்த அன்னப்பட்சி, கழுத்து கொஞ்சம் நீண்டு, நிறம் மாறி, அவளுடைய போர்ட்ஃபோலியோவில் ஏறுகிறது. கீழே அவள் பெயர். ஓரத்தில் சின்ன எழுத்தில், 'இன்ஸ்பிரேஷன்: காஞ்சிபுரம்'.

இது திருட்டா?

சட்டத்தைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி புதிய வடிவத்தைத்தான் பதிவு செய்ய முடியும். பதிந்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, கேட்டால் இன்னும் 5 ஆண்டு. தலைமுறை தலைமுறையாக நெய்யப்படும் அன்னத்தை எல்லோரும் பார்த்தாயிற்று, அதைப் பதிய வழியில்லை. அதையே போதுமான அளவு மாற்றி வரைந்தால் அது புதுசு. சரி, புவிசார் குறியீடு இருக்கிறதே? அது 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயரைக் காக்கும். பெயரை விட்டுவிட்டுப் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அதற்கு வேலையில்லை. ஆக, பல பேர் பல காலமாகச் செய்தது யாருக்கும் சொந்தமில்லை. நேற்று ஒருத்தர் செய்தது மட்டும் அவருக்குச் சொந்தம்.

அப்போ நெசவாளிதான் உரிமையாளர்னு சொல்லிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. கூலிக்கு நெய்கிறவருக்கு டிசைன் பெரும்பாலும் மாஸ்டர் வீவரிடமிருந்தோ சங்கத்திலிருந்தோ வருகிறது. கிராஃப் போடுகிறவர் வேறு, ஜக்கார்டு அட்டை குத்துகிறவர் வேறு. அவர்களில் யாரும் அன்னத்தைக் கண்டுபிடிக்கவில்லை, வாங்கித்தான் கைமாற்றினார்கள். அவர்கள் வாங்கியது மரபு, மாணவி வாங்கியது மட்டும் திருட்டு என்றால் அந்தக் கோட்டை எங்கே போடுவது?

வேடிக்கை என்னவென்றால், இந்திய டிசைன் கல்வி இந்தச் சிக்கலோடுதான் பிறந்தது. 1958இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் அடிப்படையில்தான் 1961இல் அகமதாபாத்தில் என்ஐடி வந்தது. இந்தியாவில் பார்த்தவற்றில் அவர்கள் அதிகம் வியந்தது சொம்பை. அதைத் தனி ஒருவர் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்றார்கள். அந்த வியப்பிலிருந்து எழுந்த நிறுவனம் தனித்தனி ஆட்களுக்குப் பட்டம் கொடுக்கிறது!

எனவே 'யாருடையது' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நாம் எங்கும் போய்ச் சேர மாட்டோம். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது: ஒரு டிசைனின் விலையை யார் கொடுக்கிறார்?

கோர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். புடவையின் உடல் ஒரு நிறம், பார்டர் இன்னொரு நிறம், இரண்டும் ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மட்டும் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி, முன்பெல்லாம் பிள்ளைகளும்தான். கிராஃப் தாளில் 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்பது ஒரு கலர் பென்சில் கோடு. தறியில் அது இன்னொரு மனுஷியின் முழு நாள். தாளில் தப்பானால் ரப்பர் இருக்கிறது. தறியில் ஒரு புது சாம்பிள் சரிவருகிற வரை கூலி வரும் துணி ஒரு முழம்கூட இறங்காது.

டிசைன் செய்வது என்றால், இன்னொருவரின் உடம்பு செலவழியப்போகிற விதத்தை முடிவு செய்வது. அந்த முடிவில் அந்த இன்னொருவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்கிறதா? இதுதான் நேர்மைக்கான சோதனை என்று நினைக்கிறேன். போர்ட்ஃபோலியோவில் நெசவாளியின் பெயரைப் போடுவது நல்லது, ஆனால் அது போதாது. நன்றி சொல்வதற்கு நமக்கு ஒன்றும் செலவாவதில்லை.

வேறு வழிகள் உண்டு. கட்ச்சில் 2005இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா, கைவினைஞர்களையே மாணவர்களாக உட்காரவைத்து டிசைன் கற்றுக்கொடுத்தது. அங்கே முடிவெடுக்கிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள். எல்லாக் கல்லூரியும் அப்படி மாற வேண்டாம். சாம்பிள் போடும் நாட்களுக்குக் கூலி கொடுக்கலாம், மதிப்பெண் போடும் ஜூரியில் நெய்தவருக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

மாணவியாலும் ஒன்று முடியும். 'இதை நெய்ய முடியுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் 'முடியும்மா' என்றுதான் பதில் வரும், வேலை வேண்டுமே. 'இப்படி நெய்யலாமா, வேற மாதிரி போடலாமா?' என்று கேட்கலாம். வருகிற பதிலுக்காகத் தன் கிராஃபை மாற்றவும் தயாராக இருந்தால், அந்த அன்னத்தின் கீழே அவள் பெயரும் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.