தேதி நகரும்வரை

வேலைக்கு அழைக்கும்போது படிப்பையும் திறமையையும் பார்க்கிற அமெரிக்கா, நிரந்தரமாகத் தங்க இடம் கொடுக்கும்போது அந்த மனிதர் எந்த நாட்டில் பிறந்தார் என்றும் பார்க்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையின் பேரில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். மனைவி மக்களும் அந்தக் கணக்குக்குள்தான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. முதுகலைப் படிப்பு படித்தவர்கள் வரும் இரண்டாம் பிரிவில், 2012 இறுதியிலும் 2013 முற்பகுதியிலும் பதிந்த இந்தியர்களுக்கு 2025-இல்தான் முறை வந்தது.

என் அக்கா மகன் டல்லாஸில் இந்த வரிசையில் நிற்கிறான். இப்போதையதைவிட நல்ல சம்பளத்தில் வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டான். "வேற கம்பெனி போனா லேபர்ல இருந்து திரும்பப் பண்ணணும் சித்தி. டேட் நம்ம கையிலதான் இருக்கும். நடுவுல வேலை போச்சுன்னா?" என்றான். லேபர் என்பது கம்பெனி அரசிடம் வாங்கும் தொழிலாளர் சான்றிதழ்; டேட் என்பது வரிசையில் பதிந்த தேதி. வேலை போனால் புதிய வேலை தேட அதிகபட்சம் 60 நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் வீடு, பள்ளிக்கூடம், அக்கம்பக்கத்துப் பழக்கம் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால்கூட, பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் கிடைத்துத் திரும்ப முடியுமா என்று யோசித்த பிறகே டிக்கெட் போடுகிறான்.

என்னை உறுத்துவது அவனுடைய குழந்தைகளின் நிலை. மகன் அங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். மூத்தவள் சென்னையில் பிறந்து கைக்குழந்தையாகப் போனவள். அவளுக்கு 21 வயது ஆகும்போதும் தேதி வராவிட்டால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அவள் கழன்றுவிடுவாள். தான் வளர்ந்த நாட்டிலேயே வெளிநாட்டு மாணவியாக விசா வாங்கித்தான் படிப்பைத் தொடர வேண்டும். 2002-இல் வந்த ஒரு சட்டம் வயதைக் கணக்கிடுவதில் கொஞ்சம் சலுகை தருகிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டு வரிசைக்கு அந்தச் சலுகை போதாது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்காவையும் தம்பியையும் பிறந்த ஊர் பிரித்துவிடுகிறது.

உச்சவரம்பு இல்லாவிட்டால் ஓரிரு நாட்டுக்காரர்களே பல ஆண்டுகளுக்கு எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு தெரியாத காத்திருப்பை ஒரு குடும்பத்தின் தலையில் வைப்பதற்கு அது நியாயம் ஆகாது. ஜெர்மனியில் திறன் பணியாளருக்கான நீல அட்டை பெற்றவர் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழி பி1 நிலை வரை தெரிந்தால் 21 மாதம். ஜப்பானில் உயர்திறன் பணியாளருக்கான மதிப்பெண் 80 இருந்தால் ஓராண்டிலேயே விண்ணப்பிக்கலாம், 70 என்றால் மூன்று ஆண்டு. அங்கும் மொழி, வரி, வருமானம் என்று நிபந்தனைகள் உண்டு. ஆனால் அவற்றை நிறைவேற்றுவது பெரும்பாலும் நம் உழைப்பைப் பொறுத்தது. பிறந்த நாட்டை எந்த உழைப்பாலும் மாற்ற முடியாது.

சம்பளம் குறைவு என்பதற்காக நம் பிள்ளைகள் இந்த நாடுகளை எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை மனிதன் எதையாவது தொடங்குகிற காலம். சொந்தமாகத் தொழில் ஆரம்பிப்பதையும் விரும்பிய வேலைக்கு மாறுவதையும் பெற்றோரோடு ஒரு மாதம் நிம்மதியாக இருப்பதையும் "கார்டு வரட்டும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தால், கார்டு வரும்போது அவற்றில் பலவற்றுக்கு வயது கடந்திருக்கும். டாலரில் வாங்கும் சம்பளம் அதை ஈடுகட்டும் என்று நான் நினைக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக் கடிதம் கையில் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, சம்பளத்தைக் கேட்கும்போதே இன்னும் மூன்றையும் கேளுங்கள். நிரந்தரமாகத் தங்க எத்தனை ஆண்டு ஆகும்? வேலை போனால் எத்தனை நாள் இருக்கலாம்? கூட வரும் குழந்தைக்கு 21 வயது ஆனால் என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்கி, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.