விடுமுறையும் விடுப்பும்: ஒரு சொல்லாய்வும் ஓர் அறவினாவும்

பணியினின்று நீங்கியிருக்கும் காலத்தைக் குறிக்க இன்றைய தமிழில் விடுமுறை, விடுப்பு என்னும் இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. இரண்டிற்கும் அடி 'விடு' என்பதே. ஒருவரது காலத்தை மற்றொருவர் விடுவது எங்ஙனம் பொருந்தும் என்பதை இச்சொற்களின்வழி நின்று ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

விடு என்னும் வினை விடுதலை, விடுதி, விடை எனப் பல பெயர்களை ஈன்றுள்ளது. அதன் முதனிலை திரிந்த தொழிற்பெயரான 'வீடு' மெய்யியலில் பேரின்ப நிலையையும் உலக வழக்கில் இல்லத்தையும் சுட்டும். வீடுபேற்றில் பற்றை விடுவது உயிரே; பிறர் விடுவித்தல் அங்கு இல்லை. அலுவலகத்திலோ விடுபவர் ஒருவர், விடப்படுபவர் மற்றொருவர்.

இவ்விடத்து இரு சொற்களையும் பிரித்து நோக்க வேண்டும். 'மழை விட்டது', 'காய்ச்சல் விட்டது', 'பள்ளி விட்டது' என்னும் தொடர்களில் விடுவிப்போர் எவரும் இலர். விடுமுறை இப்பொருளுக்கு நெருங்கியது; வந்தால் அனைவருக்கும் வரும், எவரும் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை. விடுப்போ 'விடுத்தல்' என்பதன் வழிவந்தது. விடுப்போர் ஒருவர் இன்றி அது நிகழாது. (யாழ்ப்பாண வழக்கில் விடுப்பு என்பது பிறர் செய்தியறியும் ஆவலைக் குறிக்கும். விடுப்பு விண்ணப்பத்தைப் படிக்கும் மேலாளர்க்கு அப்பொருளும் பொருந்தும்!)

இப்பார்வை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கும் 'சுட்டி' விடுபடுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. குசராத்தியின் 'ரஜா' இசைவு, விடுமுறை ஆகிய இரண்டையும் உணர்த்தும். தெலுங்கின் 'செலவு' விடைபெறுதலையும் சுட்டும். ஆங்கில 'லீவு'ம் இசைவு என்னும் பழம்பொருளுடையதே. 'ஓய்வு' மட்டுமே பிறர் கையை எதிர்பாராத சொல். ஆயின் தொல்காப்பிய உரியியல் ஓய்தலை உள்ளதன் நுணுக்கம் உணர்த்தும் சொற்களுள் வைக்கிறது. உடல் தேய்ந்தபின் வருவதே ஓய்வு போலும்.

மழைபோல் விடுமுறையும் தானே விட்டதில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் போராடியே 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றனர். 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர் அந்நாளை விடுமுறையாக்க வேண்டினார். விடுமுறை என்னும் சொல்லில் இவ்வரலாற்றின் சுவடே இல்லை.

விடுப்பின் சிக்கல் வேறு. அது காரணம் கேட்கிறது. தமிழ்ச் சிறார் வகுப்பறையில் எழுதக் கற்கும் முதற் கடிதங்களுள் ஒன்று விடுப்பு விண்ணப்பம். அதில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் உடலில் இருப்பதில்லை. வாய்மையைப் பாடமாகப் படிக்கும் பிள்ளை, அதே வகுப்பில் பொய்யைப் படிவமாகக் கற்கிறது. இக்குற்றம் பிள்ளையுடையதன்று என்பதே என் கருத்து. தன் பொழுதுக்குக் கணக்குக் காட்டுமாறு நிர்ப்பந்திக்கும் அமைப்பு, சொல்லத்தக்க காரணங்களை மட்டுமே ஏற்கிறது. களைப்பும் துயரும் வெறுமனே இருக்கும் விருப்பமும் அப்பட்டியலில் இல்லை.

அலுவல் தமிழ் தன்னையறியாமல் ஒரு மாற்றையும் தந்துள்ளது. 'ஈட்டிய விடுப்பு' என்னும் தொடரில் அடையும் பெயரும் முரண்படுகின்றன. ஈட்டியது உழைத்தவரின் உடைமை. உடைமையைப் பெற இசைவு எதற்கு? அதனைப் பணமாக மாற்றிக்கொள்ளுதலோ 'சரண்' எனப்படுகிறது. ஈட்டியதைச் சரணடையச் செய்யும் இச்சொல்லாட்சி தனி ஆய்வுக்கு உரியது.

விடுவிக்க எவரும் இல்லாதோர் நிலை இதனினும் கடிது. நாட்கூலி பெறுவோர் வேலைக்குச் செல்லாத நாளை விடுப்பு என்பதில்லை; 'வேலை இல்லை' என்பர். இல்லத்தில் உழைக்கும் பெண்ணுக்கு விண்ணப்பிக்க அலுவலகமும் இல்லை. 'விடு' என்னும் அடியிலிருந்தே பிறந்த வீட்டில்தான் அவளுக்கு விடுமுறை என்றொரு நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.