பற்றும் வரவும் பாட்டும்

துயரப்பட்டவர்களுக்காகப் பாடுவது என்கிறோம். இந்த 'ஆக'வுக்குள் மூன்று அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன: அவர்களுக்கு ஏதேனும் கிடைக்கும் பொருட்டுப் பாடுவது, அவர்கள் கேட்கப் பாடுவது, அவர்களுக்குப் பதிலாகப் பாடுவது. மூன்றும் வேறுவேறு காரியங்கள். நம்முடைய நிவாரணப் பேச்சு இவற்றை ஒன்றாகக் குழப்பி, அந்தக் குழப்பத்துக்குக் கருணை என்று பெயர் வைத்துவிடுகிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தைப் புயல் அழித்தது. மறு ஆண்டு போரும் அகதிகளும். 1971 ஆகஸ்ட் 1 அன்று, ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் கச்சேரி கூட்டினார். இரண்டு காட்சிகளுக்குமாகச் சுமார் 40,000 பேர். டிக்கெட்டில் சேர்ந்த 2,43,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை யூனிசெஃப்புக்குப் போயிற்று. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும்பணமோ, முன்கூட்டி வரிவிலக்குக் கோரவில்லை என்பதால், அமெரிக்க வரித்துறையில் பல வருஷம் சிக்கிக் கிடந்தது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எந்த ராகத்திலிருந்து வந்தாய் என்று பணத்தை எந்தப் பேரேடும் கேட்பதில்லை.

அன்று வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்ததற்கே சபை கைதட்டிவிட்டது. ரவிசங்கர் அதை மெல்லக் கேலி செய்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கொடுக்க வந்தவனுக்குக் காது இரண்டாம்பட்சம். கொடுத்தாயிற்று என்ற திருப்தி எங்கேனும் கைதட்டலாக வெளிவந்தாக வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதனால் இந்த வகையைத் தள்ளிவிட முடியாது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். அதன்பின் எத்தனையோ காரியங்களுக்குப் பாடிக் கொடுத்தார். 1974இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைக்கானது. அங்கே பாட்டு பாட்டாக இருந்தது, பணம் பணமாகப் போயிற்று. கணக்கு நேர்மையானது. பாட்டே போய்க் கண்ணீரைத் துடைத்தது என்று எழுதும்போதுதான் பொய்க்கணக்கு ஆரம்பமாகிறது.

இரண்டாவது வகை, கேட்கப் பாடுவது. 2011இல் டி.எம். கிருஷ்ணா, போர் ஓய்ந்த இலங்கையின் வடபகுதிக்குப் போய்ப் பாடினார். இது கடினமான காரியம். எதிரே இருப்பவர் ரசிகராக இருக்கலாம், எழுந்து போகவும் செய்யலாம். அந்தச் சுதந்திரம் இருக்கும்வரை கச்சேரி. முகாமில் வரிசையாக உட்காரவைத்து ஆறுதல் கேட்கச் சொன்னால், அரிசிப் பொட்டலத்துக்கு உள்ள மரியாதைகூட அதற்கு இல்லை. அரிசியையாவது அவர் தன் விருப்பப்படி சமைத்துக்கொள்ளலாம்.

எம்.எஸ். 2004 டிசம்பர் 11இல் காலமானார். பதினைந்தாம் நாள் கடல் எழுந்தது. அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னூரிலிருந்து பார்த்தால் அது தூரத்துச் செய்தியல்ல. எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற காவிரி கடலைத் தொடுகிற கரை அது. அந்த அழிவுக்குப் பின் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம், இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியான்மர் ஆகிய ஆறு நாடுகளின் கரையோர மக்கள் தம் இடங்களிலேயே பாடியதைப் பதிவு செய்தது. 'லயா ப்ராஜெக்ட்' என்று அது படமாகவும் இசைத்தட்டாகவும் வந்தது. நாகூர் தர்காவில் பாடுகிறவர்களும் அதில் உண்டு. இங்கே மூன்றாவது அர்த்தம் தலைகீழாகிறது. அவர்களுக்குப் பதிலாக யாரும் பாடவில்லை. அவர்கள் பாடினார்கள், மற்றவர்கள் கேட்டார்கள்.

ஆட்சேபம் ஒன்று உண்டு. பதிவான குரல்கள்மீது ஸ்டூடியோவில் வேறு வாத்தியங்களும் தாளங்களும் சேர்க்கப்பட்டன. உலகச் சந்தைக்குத் தோதான மெருகு அது. சில இடங்களில் குரல் அந்த மெருகுக்குள் மூழ்குவதாகவே என் காதுக்குப் படுகிறது. பாட்டு யாருடையது, வருமானம் யாருக்கு, பெயர் எங்கே என்ற கேள்விகளை இரக்கம் மூடிமறைக்கக் கூடாது. 2009இல் 'நாகூர் செஷன்ஸ்' என்று தனி இசைத்தட்டு வந்தபோது அப்துல் கனி, அஜா மைதீன், சபூர்மைதீன் ஆகியோர் சுனாமிக் கரைக்காரர்களாக வரவில்லை; பாடகர்களாக வந்தார்கள். அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

ஏனென்றால், பேரிடரில் வீடும் படகும் போன பிறகு மனிதனிடமிருந்து இன்னொன்றும் பறிபோகிறது: கொடுக்கிறவனாக இருக்கும் தகுதி. நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்து, கைநாட்டு, வரிசை, டோக்கன். நிவாரணம் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவன் பாட்டை நாம் பாட்டுக்காகக் கேட்கிறபோது, பரிதாபத்தை ஒதுக்கிவைத்து, சுருதி விலகினால் விலகியது என்று சொல்லும் கண்டிப்போடு கேட்கிறபோது, அவன் கணக்கில் வரவும் நம் கணக்கில் பற்றும் விழுகின்றன. அந்தக் கடனைத் தீர்க்க எந்த நிதியும் போதாது. தீர்ந்துவிட்டதாக யாரும் ரசீது எழுதாமல் இருந்தால் சரி.