முத்திரை விழாதவர்கள்

எஸ்ஸார்ட் சார்ல்ஸ் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரரை நம்மில் அதிகம் பேர் அறிந்திருக்க நியாயமில்லை. 175 பவுண்டுக்கு உட்பட்ட லைட் ஹெவிவெயிட் பிரிவில் அவரைவிடப் பெரியவர் தோன்றவில்லை என்று அக்கலையின் விமர்சகர்கள் பலர் சொல்கிறார்கள். ஆர்ச்சி மூரை 1946, 1947, 1948 என்று மூன்று முறை தோற்கடித்தார். ஜோயி மாக்ஸிமை ஐந்து முறை. மாக்ஸிம் 1950-லும் மூர் 1952-லும் அந்தப் பிரிவின் உலக சாம்பியன் ஆனார்கள். மாக்ஸிம் சாம்பியனாக இருந்த 1951-லேயே சார்ல்ஸ் அவரை இருமுறை வென்றார். ஆனால் பந்தயத்தில் வைக்கப்பட்டது அந்தப் பட்டம் அல்ல. அதற்கான போட்டி ஒன்றுகூட சார்ல்ஸுக்கு வாய்க்கவில்லை. தன் எடையில் கதவு திறக்காததால் தன்னைவிடக் கனத்தவர்களோடு மோதி, 1949-ல் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

குத்துச்சண்டையில் யாரோடு மோதுவது என்பதில் சாம்பியனுக்கும் அவருடைய மேனேஜருக்கும் பெரும் பங்கு உண்டு. பயப்பட வேண்டியவனைத் தவிர்த்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே அங்கே அநியாயத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. கோபப்பட ஆள் இருக்கிறான். என்னைத் தொந்தரவு செய்வது முகமில்லாத அநியாயம். அதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், நம்முடைய கிரிக்கெட் போதும்.

1972-73 ரஞ்சி இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. நான் பிறப்பதற்கு முந்திய விஷயம். ஸ்கோர் அட்டையாகத்தான் எனக்குப் பரிச்சயம். வெங்கட்ராகவனையும் வி. வி. குமாரையும் நம்பித் தமிழ்நாடு இறங்கிய, பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளம். பம்பாயின் இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு எல்லாம் முடிந்துபோயிற்று. அந்த சிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயலும் ஆடியதில்லை. ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். அதற்குமேல் எடுத்தவர் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பிஷன் சிங் பேடி. அணியில் இடதுகைச் சுழல்பந்துக்கு ஓர் இடம். அதில் 67 டெஸ்ட்டுகளும் 266 விக்கெட்டுகளும் கொண்ட ஒரு கலைஞர். பேடி யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. தேர்வாளர்கள் அவரை எடுத்ததும் தவறில்லை. ஒவ்வொரு தீர்மானமும் சரி. கூட்டிப் பார்த்தால் இரண்டு வாழ்க்கைகள் குறைபட்டு நிற்கின்றன. தவறிழைத்தவன் இல்லாத இடத்தில் தவறு என்று ஒன்று இருக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். குற்றவாளி அகப்படவில்லை என்பதால் காயம் பொய்யாகிவிடாது.

1974 நவம்பரில் ஒருமுறை கதவு திறந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான பெங்களூர் டெஸ்ட்டில் ஒழுங்கு நடவடிக்கையாகப் பேடி நிறுத்தப்பட்டார். கோயல் அழைக்கப்பட்டார். காலையில் பதினொருவரை அறிவித்தபோது அவர் பெயர் இல்லை. பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று ஆஃப் ஸ்பின்னர்கள் இருவர் ஆடினார்கள். அடுத்த டெஸ்ட்டில் பேடி திரும்பிவிட்டார். இதைப் படிக்கும்போது எனக்கு ஒருவித நிம்மதிகூட வருகிறது. கடைசியில் திட்டுவதற்குச் சில மனிதர்கள் கிடைத்துவிட்டார்கள் அல்லவா.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் டீக்கடையில் கேட்டார்: "அதான் 637 விக்கெட்டு இருக்குதுங்களே, அப்புறம் தொப்பி எதுக்குங்க?" நம் வட்டாரத்தில் யாரும் சொல்லக்கூடிய பதில்தான் இது. தகுதி வேறு, அங்கீகாரம் வேறு. ஸ்தாபனம் தருவதை வைத்தா கலைஞனை அளப்பது? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோயலும் சிவால்கரும் அந்தத் தொப்பியை விரும்பினார்கள். எங்கள் கிணத்துக்கடவுச் சந்தையில் வரத்து மிகுந்த நாளில் நல்ல தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். தக்காளிக்கு அதனால் நஷ்டமில்லை, அதற்கு ஆசை கிடையாது. ஆசைப்பட்ட மனிதனிடம் போய், உன் ஆசை உன் தரத்துக்குக் குறைவானது என்று சொல்வது ஆறுதலா? அவனிடம் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொள்வதுதான். நான் வங்கியில் குமாஸ்தா. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத காகிதத்தைத் திருப்பித் தருவது என் பிழைப்பு. முத்திரை ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் என் மேஜையே சிரிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்தக் கதைகள் இனிப்பது சந்தேகத்துக்குரியது. முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் பாதியைக் கட்டிலடியில் வைத்திருக்கும் நாம், கோயலைப் பற்றிப் பேசும்போது மெல்ல நம்மைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறோம். விருது பெறாதது ஒரு தகுதிச் சான்றிதழாகிவிடுகிறது. கோயல் ரஞ்சியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். பந்து வந்து விழுந்த இடத்தை எதிரணியே சாட்சியாக நின்று பார்த்தது. நம் கவிதைகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க எதிரணி ஏது? நண்பர்கள்தாம் இருக்கிறோம். இதை எழுதும்போது என் கட்டுரைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கொஞ்சம் வலிக்கவே செய்கிறது.

சுனில் கவாஸ்கர் 1983-ல் தன் ஆதர்சங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த இருவரையும் சேர்த்தார். 2017-ல் கிரிக்கெட் வாரியம் இருவருக்கும் சி. கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருதைக் கொடுத்தது. அப்போது கோயலுக்கு வயது 74, சிவால்கருக்கு 76. கோயல் 2020-லும் சிவால்கர் 2025-லும் காலமானார்கள். இடையில் பேடியும் 2023-ல் போய்விட்டார். கோயல் கடைசிவரை பேடியைக் குறை சொன்னவர் அல்ல.

சிவால்கர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த பிறகு, 1987-88-ல் பம்பாய் அணி அவரை மறுபடி கூப்பிட்டது. வயது நாற்பத்தேழு. போய்ப் பந்து வீசினார்.