உடன்படுதலும் வினையே

உயிர்க்கொலை செய்யாத ஒருவர், பிறர் செய்யும் கொடுமையால் விளைந்த பொருளை விலைகொடுத்து வாங்கி நுகர்ந்தால், அக்கொடுமையில் அவருக்குப் பங்கு உண்டா? கடல் கடந்த ஒரு குடியேற்றத்தின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக நம்முன் வைக்கிறது.

1681-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு, வில்லியம் பென்னின் தந்தைக்குத் தாம் தரவேண்டியிருந்த கடனுக்கு ஈடாக, வட அமெரிக்காவில் பெருநிலப் பரப்பொன்றைப் பென்னுக்கு வழங்கினார். அதுவே பென்சில்வேனியா. பென், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். படைக்கலம் ஏந்தாமையும் எளிய வாழ்வும் அப்பிரிவின் கோட்பாடுகள். தாய்நாட்டில் சமயத்தின் பொருட்டுச் சிறைப்பட்டு வருந்திய அவர்கள், புதிய நாட்டில் பிறர் சமயத்தை வருத்தவில்லை. கடவுள் ஒருவரை ஏற்போர் யாவரும் தத்தம் மனச்சான்றின்படி வழிபடலாம் என 1682-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. மென்னோனைட்டுகள், லூத்தரர், கத்தோலிக்கர், யூதர் எனப் பலரும் காலப்போக்கில் குடியேறினர். கோதுமை விளைந்தது, மாவு ஆலைகள் எழுந்தன, பிலடெல்பியா துறைமுகம் செழித்தது.

அந்த மாவு சென்ற இடம் எது? பெரும்பகுதி, கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றது. அங்கு உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்கள் உழைப்பில் விளைந்த சர்க்கரையும் மதுவும் திரும்பி வந்தன. 1684-இல் 150 ஆப்பிரிக்கரை ஏற்றிய கப்பல் பிலடெல்பியாவுக்கே வந்தது. வாளேந்த மறுத்த குவேக்கர் பலர் அடிமைகளை வாங்கினர். பென்னும் அடிமைகளை வைத்திருந்தார்.

1688-இல் ஜெர்மன்டவுன் என்னும் ஊரினர் நால்வர், இது அறமன்று என எழுதி முறையிட்டனர். ஒரு மன்றம் மேல்மன்றத்துக்கு அனுப்ப, ஆண்டுப் பேரவை முடிவு கூறாது ஒதுக்கிவைத்தது. அடிமை வைத்திருப்போரைத் தம் சபையினின்று நீக்குவதென அப்பேரவை உறுதி செய்தது 1776-இல்தான். இடையில் கழிந்தவை 88 ஆண்டுகள்.

வினையின் வழிகளைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் பகுத்துரைக்கிறது. 'வாங்குபவனுக்குக் கொல்லும் சங்கல்பம் இல்லையே' எனச் சிலர் கேட்கலாம். அறியாதவரை அவ்வாறு கூறலாம். அறிந்தபின்னும் தொடர்ந்து வாங்குவது உடன்படுதலேயாகும். 1688-க்கு முன் அம்மக்களிடம் இருந்தது அறியாமை எனக் கொண்டாலும், பின்னர் இருந்தது இசைவே.

அவர்களுள் ஜான் உல்மன் (1720–1772) என்னும் தையற்காரர், அடிமை விற்பனைப் பத்திரம் எழுத மறுத்தார். அடிமைகள் விளைத்த சர்க்கரையைத் தவிர்த்தார். வளர்ந்துவந்த தம் கடை வாணிகத்தையும் தாமே சுருக்கிக்கொண்டார். மிகுபொருள் விரும்பாமை கொல்லாமைக்குக் காவலாக நிற்பதை இவர் வாழ்வில் காண்கிறோம்.

பிறர் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. இரவுணவு நீக்கி, நீரை வடிகட்டிப் பருகும் நாம், திருமணத்திற்குப் பட்டு எடுக்கும்போது அதன் பிறப்பை எண்ணுகிறோமா? கூட்டுப்புழுக்களைக் கொன்றே அவ்விழை எடுக்கப்படுகிறது என்பதை அறியாதார் நம்முள் இலர். நாமும் அறிந்த நாளிலிருந்து எத்தனை ஆண்டுகள் கழித்திருக்கிறோம் என்பதை அவரவர் தம் உள்ளத்தில் எண்ணிப் பார்ப்பாராக.